டிஸ்பென்சர் ஐயாவின் காரை விற்ற இடம்

தம்பிமாரே, போன வாரம் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தேநீர்க் கடையில் உங்களில் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "அண்ணே, ஒரு பழைய காரை எங்க வித்தா நல்ல விலை வரும்? கொழும்புல கார் விக்கிற சேலுக்கு அனுப்பலாமா, ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல போடலாமா, இல்ல இங்கயே தெரிஞ்ச ஆள் தலையில கட்டலாமா?" அதற்குள் என் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். வழியெல்லாம் எனக்கு எரிச்சல். தெரிந்த ஆள் தலையில் கட்டுவதாம். இருபத்தாறு வருசம் கார் புரோக்கராக அலைந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முணுமுணுத்துக்கொண்டே ஹாலிஎல வரை போனேன். அங்கே இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது, அந்த வயதில் நானும் அப்படித்தான் பேசினேன்.

எங்கே விற்பது என்பதில் பாதி சங்கதி உங்களுக்கே தெரியும். கொழும்பு ஆள் பாடியைப் பார்ப்பான். நம் மலைக் காரில் கடல் காற்றுத் துரு இருக்காது. கதவுக்குக் கீழே தடவிப் பார்த்துவிட்டு அவன் பாதி மயங்கிப் போவான். பண்டாரவளை ஆள் காரைச் சுற்றிக்கூட வர மாட்டான். சாவியை வாங்கி ஏற்றத்தில் கொண்டுபோய் நடுவில் நிறுத்தி, திரும்பவும் எடுத்துப் பார்ப்பான். பேப்பரில் போட்டால் பத்துப் பேர் வருவார்கள், அதில் ஏழு பேர் சும்மா ஓட்டிப் பார்க்க வந்தவர்கள். இதெல்லாம் ஆறு மாதத்தில் படிந்துவிடும், இதற்கு நான் தேவையில்லை.

எனக்கு லேசில் படியாத பாடம் வேறு. ஆரம்பத்தில் ஹெட்மாஸ்டர் ஒருவருடைய காரை அவர் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி விற்றுக் கொடுத்தேன். அலைச்சல் இல்லை, ஒரே நாளில் வேலை முடிந்தது என்று பெருமை. மறுநாளிலிருந்து ஹெட்மாஸ்டர் காலை ஆறு மணிக்கு வாங்கினவர் வீட்டு கேட்டில் வந்து நிற்பார். "தண்ணி பாத்தீங்களா? சோக்கை இழுத்து ரெண்டு நிமிசம் விடணும், பாடம் பாடமா சொன்னேனே" என்பார். வாங்கினவர் மூன்று மாதம் பொறுத்தார். பிறகு அந்தக் காரை என்னிடமே கொண்டுவந்து, "வித்துத் தாங்க, இல்லாட்டி அந்த மனுசனுக்கு வேற வீடு பாத்துத் தாங்க" என்றார். அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். விற்றவர் கண்ணில் படாத தூரத்தில்தான் காரை விற்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தை மட்டும் நம்பியதால்தான் செல்வராஜ் விசயத்தில் மண்ணைக் கவ்வினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தெமோதரைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர் ஐயா ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருசத்துக்கு மேலாக அங்கேயே மருந்து கொடுத்தவர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகளுக்கு அவர்தான் டாக்டர். அவரிடம் சாம்பல் நிறத்தில், ஸ்ரீ நம்பர் பிளேட்டோடு ஒரு பழைய மைனர் கார் இருந்தது. பேருக்குத்தான் அது அவருடைய கார். பிரசவ வலி வந்தவள், கொழுந்து மலையில் வழுக்கி விழுந்தவன், மூச்சிழுப்புக் கிழவர் எல்லோரும் அதில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோட்டத்து லொறி ஒன்று இருந்தது. ஆனால் ஆபிசில் அனுமதித் துண்டு வாங்கி வந்தால்தான் அது அசையும். ஐயாவின் காருக்குத் துண்டு வேண்டாம், காசும் வேண்டாம். ஒருவன் ஒரு தடவை காசை நீட்டியிருக்கிறான். ஐயா ஒரு வாரம் அவனோடு பேசவில்லையாம்.

ஓய்வு பெற்றதும் வவுனியாவில் மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஐயா, கொழும்புக்குக் கொண்டு போவோம். இந்தப் பாடிக்கு அங்கதான் விலை" என்றேன்.

"தம்பி, நீர் என்ன கதைக்கிறீர்? வழியில எத்தினை செக் பொயின்ற் இருக்கு? என்ர ஐடென்றி கார்ட்டைப் பாத்தா சீற்றையும் கழட்டித்தான் பாப்பாங்கள். எனக்கு அந்தச் சில்லெடுப்பு ஏலாது. கிட்டடியில ஒரு நல்ல பொடியனாப் பாத்துக் குடும்."

யுத்தம் நடந்த அந்த வருசங்களில் அவர் சொன்னது உண்மை. நானும் மேலே பேசவில்லை. ஐயா வவுனியாவுக்குப் போகிறவர், அதனால் பக்கத்தில் விற்றாலும் அவர் கண்ணில் படாது. என் சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று கணக்குப் போட்டேன்.

பொடியனும் உடனே அமைந்தான். செல்வராஜ் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். ஒன்பது வருசம் மரக்கறி லொறி ஓட்டினான். வாரத்தில் ஐந்து நாள் தம்புள்ளை, கொழும்பு என்று வெளியிலேயே கிடப்பான். கல்யாணம் முடித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. தோட்டத்து ரோடு மெயின் ரோட்டில் வந்து சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன வீடு கட்டியிருந்தான். வாடகைக்கு ஓட்டச் சொந்தமாக ஒரு ஹயர் கார் இருந்தால் ராத்திரி வீட்டுக்கு வந்து சோறு தின்னலாம் என்பதுதான் அவன் ஆசை. அவன் மனைவி புஷ்பா தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அப்படியும் அவன் யோசித்துக்கொண்டு நின்றான்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "அட, தெமோதரைப் பக்கம் இந்தக் காரைத் தெரியாத ஆள் உண்டா? நீ ரோட்டுல எறக்கினாப் போதும். ஆள் தானா வந்து ஏறும்."

வந்து ஏறினார்கள் தம்பிமாரே. ஏறாமல் இருந்தால்தானே.

தோட்டத்து ரோடு வந்து சேருகிற இடத்தில் ஒரு மதகு உண்டு. அந்த மதகடியில் காய்ச்சல்காரனைச் சாக்கில் உட்கார வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். செல்வராஜின் கார் வளைவில் திரும்பினதும் கை காட்டுவார்கள். அவன் நிறுத்துவான். பதுளையில் கொண்டுபோய் இறக்குவான். அவர்கள் "வர்றோம்யா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். ஐயா காரில் அப்படித்தானே இருபது வருசம் இறங்கினார்கள்.

செல்வராஜுக்கு நிரந்தரமாக ஒரு ஹயர் கிடைத்திருந்தது. காலையில் ஹாலிஎலயில் நாலு டீச்சர்மாரை ஏற்றிப் பதுளையில் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். மாத முடிவில் கிடைப்பதுதான் அவன் வீட்டு அடுப்பு. மதகடியில் ஒரு நாள் தாமதம், இன்னொரு நாள் பின் சீட்டில் வாந்தி. மூன்றாவது தடவை டீச்சர்மார் ஸ்கூல் பெல் அடித்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள். அதோடு அவர்கள் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றப் போகும் வழியில் மூச்சிழுப்புக் கிழவரை ஏற்றிவிட்டான். மாப்பிள்ளை வேட்டியோடு பஸ்ஸில் போனார் என்று ஹாலிஎல முழுக்கச் சிரிப்பு.

எட்டு மாதம் கழித்து செல்வராஜ் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க எனக்குக் காரா வித்தீங்க, ஆஸ்பத்திரியையா வித்தீங்க?"

"நிப்பாட்டாமப் போயேன்டா."

"எப்படிண்ணே? மதகுல நிக்கிறது எங்க மாமி. அடுத்த நாள் நிக்கிறது கூடப் படிச்சவன். நிப்பாட்டாமப் போனா லயத்துக்குள்ள கால் வைக்க முடியுமா?"

"சரி, காசு கேளு."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "நோயாளிக்கிட்டயா? எங்கப்பா செத்தப்ப பொட்டி தூக்கினது அவங்கதான். காசு கேட்டா, நீ வெளியாளா ஆயிட்டியான்னு கேப்பாங்க. அதுக்கு நான் லொறிக்கே போயிடலாம்."

தப்பு என்னுடையது என்று எனக்கு அப்போது விளங்கியது. ஊரே அறிந்த காரை ஊருக்குள்ளேயே விற்றுவிட்டேன். எதைச் சொல்லி ஆசை காட்டினேனோ அதுவே அவன் கழுத்தைப் பிடித்துவிட்டது. என் மூளைக்கு எட்டிய வைத்தியம் ஒன்றுதான்: காரின் அடையாளத்தை மாற்றுவது. பதுளையில் எனக்குத் தெரிந்த பெயின்ட்காரரிடம் என் செலவில் சாம்பல் காரைச் செக்கச் செவேல் என்று அடித்துக் கொடுத்தேன். முதல் நாள் ஓட்டிப்போன செல்வராஜ் மதகடியில் மாட்டிக்கொண்டான். ஏறின கிழவர் மூக்கைச் சுளித்து, "பெயின்ட் வாசம் தூக்குது. கண்ணாடியக் கொஞ்சம் எறக்கய்யா" என்றாராம்.

அதற்கு மேல் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கார் தூரத்துக்குப் போக வேண்டும். பண்டாரவளையில் கார் சேல் வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் போனேன். என் தொழிலில் பாதி அவர் வாசலில்தான் நடந்தது. கொழும்பிலிருந்து பழைய கார் சேர்க்கிற பார்ட்டி ஒன்று வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, காரைக் கொண்டுவா என்றார். கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நல்ல விலை. செல்வராஜ் தலையாட்டினான். முகத்தில் ஒரு உயிரும் இல்லை. அவனுடைய பழைய லொறி முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டார். கொழும்பில் ஒரு பங்களாவில் டிரைவர் வேலை இருந்தது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் லீவு. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை நான் சும்மா இருந்திருக்கலாம். விலை பேசியாகிவிட்டது, என் பங்கும் வரும். ஆனால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு பயலின் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்களே, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துக்கு ஏறினேன். உண்மையில் என் மேல் இருந்த கோபத்தை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அது இப்போது தெரிகிறது.

மத்தியானம் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் மலைத் தண்ணீர் விழும் பீலிக் குழாயடியில் குடத்தோடு நின்றார்கள். அங்கே மாரியாயி என்று ஒரு அம்மா. ஒல்லியான உடம்பு, வெற்றிலை வாய். லயத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் கூப்பிடுவது அவளைத்தான் என்று செல்வராஜ் சொல்லியிருந்தான். நேராக அவளிடமே போனேன்.

"ஏம்மா, டிஸ்பென்சர் ஐயா போயி எட்டு மாசமாச்சு. அது இப்ப ஐயா காரு இல்ல. செல்வராஜ் காசு குடுத்து வாங்கின காரு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்னங்க? ஐயாவுக்கு மாலை போட்டு ரயிலேத்துனதே நாங்கதான்."

"அப்ப எதுக்கு அந்தக் காரை நிப்பாட்டுறீங்க?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "அந்த ரோட்டுல எத்தன காரு போகுதுங்க. கை காட்டினா எது நிக்குது? ஐயா நிப்பாட்டினாரு, ஐயா கார்ல போனோம். இப்ப செல்வராசு நிப்பாட்டுறான், அவன் கார்ல போறோம். நாளைக்கு அவன் மாட்டு வண்டி வாங்கினாலும் அதுலதான் ஏறுவோம்."

அங்கேயே எனக்கு முதல் அடி விழுந்தது. நான் காருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவர்கள் கார் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தது ஓட்டுகிறவனை. ஆனாலும் விடவில்லை.

"ஏறுங்க. யார் வேணாம்னா? ஒரு சதம் குடுத்தீங்களா அவனுக்கு?"

"அவன் கேக்கலியே."

"அவன் கேக்கலன்னா நீங்க குடுக்கக் கூடாதா?"

மாரியாயி தலை முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒரு தடவ குடுக்கலாம்னு மடியில முடிஞ்சிக்கிட்டுத்தான் போனேன். எறங்குறப்ப கை வரலீங்க. நம்ம கண்ணு முன்னால வளந்த புள்ள. காச நீட்டினா, என்னய வெளியாளா நெனச்சிட்டீங்களான்னு கேட்டுட்டா என்ன செய்றது? ஐயாவே ஒருத்தங்கிட்ட அப்படிக் கோவிச்சுக்கிட்டவருங்க."

வெளியாள். செல்வராஜ் என் வீட்டில் நின்று சொன்ன அதே சொல். இவன் கேட்டால் அவர்கள் கோபிப்பார்கள் என்று இவன் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. கொடுத்தால் இவன் கோபிப்பான் என்று அவர்கள் மடியை அவிழ்க்கவில்லை. ஒருத்தர் மானத்தை ஒருத்தர் காப்பாற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் சேர்ந்து அவனைக் கொழும்புக்கு ஏற்றிவிடப் போகிறார்கள். நம் ஆட்கள்தான் இப்படிச் செய்வார்கள்.

நான் விசயத்தைச் சொன்னேன். நாளைக்குக் கார் போகிறது, திங்கட்கிழமை அவன் போகிறான் என்றேன். ஒரு சின்னப் பெண் "ஐயோ, புஷ்பா?" என்றாள். மாரியாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க புரோக்கர்தானே? சொல்லுங்க. பதுளைக்கு ஒரு தடவ போக எவ்வளவு?"

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். விலை சொல்வதுதான் என் வேலை. பெரிய துரைமாரிடமே கூசாமல் சொன்ன வாய் இது. அன்றைக்கு வரவில்லை. ஹாலிஎல ஸ்டாண்டில் வாங்குகிற காசில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக, ஒரு தொகை சொன்னேன். பெட்ரோலுக்குக் காணும் என்ற கணக்கு.

மாரியாயி உடனே தலையை ஆட்டினாள். "அது பத்தாதுங்க. ரோடு கெடக்குற கெடைக்கு டயரு என்னத்துக்காகும்? கூட்டிச் சொல்லுங்க."

கொஞ்சம் கூட்டினேன். அவள் மற்றப் பெண்களைப் பார்த்து, "என்னங்கடி, இன்னுங் கொஞ்சம் போடலாமா?" என்றாள். போட்டார்கள். இருபத்தாறு வருசத்தில் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். கொடுக்கிறவர்கள் விலையை ஏற்றிக்கொண்டு போன பேரம் அது ஒன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை ஒளிக்க பீலியில் முகம் கழுவினேன்.

"டீச்சர்மார் ஹயர் போனதும் உங்களாலதான்" என்று அதையும் சொல்லி முடித்தேன்.

"அத எப்பங்க அவன் சொன்னான்? காய்ச்சக்காரன் எட்டு மணி வரைக்கும் கெடக்க மாட்டானா? அவன் டீச்சர்மார எறக்கிட்டு வரட்டும். பிரசவம்னா வேற. அதுக்கு டீச்சரம்மாவும் ஒதுங்கித்தான் ஒக்காரணும்."

அங்கிருந்து இறங்கி நேரே செல்வராஜ் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தது. அவன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான், நாளைக்கு விற்கப் போகிற காரை. நடந்ததைச் சொன்னேன். சந்தோசப்படுவான் என்று நினைத்தேன். துணியை வாளியில் எறிந்தான்.

"யாருண்ணே உங்கள அங்க போகச் சொன்னது? நான் காசுக்கு அலையிறேன்னு லயம் பூராச் சொல்லிட்டு வந்துட்டீங்களா? என் மானத்த வாங்கிட்டீங்களே."

உள்ளேயிருந்து குழந்தையோடு புஷ்பா வந்தாள். அந்தப் பெண் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணே போனது நல்லது. நீங்களும் கேக்க மாட்டீங்க, என்னையும் கேக்க விட மாட்டீங்க. பெட்டி கட்டுறதுக்கு மட்டும் நான் வேணுமா?"

அவன் காருக்குள் ஏறி உட்கார்ந்தான். ஈரக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான். "மாரியாயி அக்கா கோவிக்கலியா?"

"நான் சொன்னது பத்தாதுன்னு கூட்டிச் சொல்லச் சொன்னா. ரெண்டு தடவ."

"அவங்களாவா?"

"அவங்களாவே."

செல்வராஜ் அழுதான். ஆண்பிள்ளை மூன்றாம் மனிதன் முன்னால் அழுகிறோமே என்றெல்லாம் பார்க்கவில்லை. புஷ்பா குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டுப் பெட்டியை உள்ளே எடுத்துப் போனாள். காரை விற்க வேண்டாம், டீச்சர்மாரிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்தேன். பேசினேன், ஒரு மாதம் பார்க்கிறோம் என்றார்கள். அது பிந்திய கதை.

மிச்சம் இருந்தது என் வாக்கு. தம்பிமாரே, உங்கள் கையில் போன் இருக்கிறது. வர முடியாவிட்டால் "சொறி" என்று அனுப்பிவிட்டுத் தூங்குகிறீர்கள். நம் தொழிலில் ஒருவன் நாளை கார் வரும் என்றால் கார் வர வேண்டும், அவ்வளவுதான். கொழும்பிலிருந்து விடிய முன்னே புறப்பட்டு ஒரு பார்ட்டி வருகிறது. வரவழைத்தவர் முதலாளி, அவரை நம்ப வைத்தவன் நான். அன்று இரவு படுத்துக்கொண்டு நிறைய பொய் யோசித்தேன். கியர் பொக்ஸ் போய்விட்டது, காரின் பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டது, செல்வராஜுக்குக் காய்ச்சல். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. போகாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. கடைசியில் காலை பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போனேன். கார் கொண்டுபோகாதவன் முகத்தையாவது கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சேல் வாசலில் நல்ல கூட்டம். முதலாளி என் பின்னால் ரோட்டைப் பார்த்தார். "கார் எங்க?"

"வரல மொதலாளி. விக்கல."

"விக்கலன்னா?"

"நான்தான் விக்க வேணாம்னு சொன்னேன்."

கொழும்புக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தம் ஜீப்புக்குப் போனார். அது போனதும் முதலாளி ஆரம்பித்தார். அவர் குரல் பெரிசு. மரக்கறி வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். "இத்தன வருசம் உன் வாய நம்பினேன் பாரு, அது என் பிழை. ஓனர் விக்கலன்னு சொன்னாலும் பரவாயில்ல. புரோக்கர் எங்கயாவது விக்க வேணாம்னு சொல்லுவானா? இனிமே இந்த வாசலுக்கு வராத." இன்னும் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் அநியாயம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் பாதித் தொழில் அந்த இடத்தில் போய்க்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் கீழே தெமோதரைப் பக்கமிருந்து ஹோன் சத்தம். சந்தைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தச் சிவப்புக் கார் ஏறி வந்தது. முன் சீட்டில் மாரியாயி. பின்னால் கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்ட ஒரு ஆளும், அவரைத் தாங்கிப் பிடித்தபடி அவர் பெண்சாதியும். மேலே முறிவு வைத்தியர் வீட்டுக்குப் போகிறார்கள். செல்வராஜ் என்னைக் கண்டான். தலையை மட்டும் ஆட்டினான். எல்லோருக்கும் நிற்கிற கார் எனக்கு நிற்கவில்லை. நேரே ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

"அதுவா கார்?" என்று கேட்டார் முதலாளி.

"ஆமாங்க."

"பின்னால கெடக்கிறது யாரு?"

"தோட்டத்து ஆள். கை ஒடிஞ்சிருக்கு போல. அவங்கள ஏத்துறதுக்கு வேற கார் இல்ல மொதலாளி. அதான்."

முதலாளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கார் வளைவில் மறையும் வரை பார்த்தார். பிறகு என்னைத் திட்டிய அதே குரலில் சொன்னார்.

"பின் டயர் ரெண்டும் வழுக்கையாக் கெடக்கு. ஆளுங்கள ஏத்துற வண்டி. நாளைக்குக் கொண்டாரச் சொல்லு, உள்ள ஒரு நல்ல சோடி கெடக்கு."